குளிர் நீக்கும் சீன மூலிகைகளும் அவற்றைப் பக்குவம் செய்யும் முறைகளும்

சீன நாட்டுப் பாரம்பரிய மருத்துவத்தில், மூலிகையின் பெயரை மட்டும் எழுதிவிட்டால் மருந்துச் சீட்டு முழுமை பெறுவதில்லை. அது எந்த நிலையில் உள்ள மூலிகை, எவ்விதம் பக்குவம் செய்யப்பட்டது, அடுப்பில் எப்பொழுது இட வேண்டும் என்பனவற்றையும் சேர்த்தே மருத்துவர் குறிப்பிடுகிறார். ஒரே கிழங்கு பச்சையாக இருக்கும்பொழுது உயிரைப் போக்கும் நஞ்சாகவும், முறைப்படி வேகவைத்த பின்னர் மருந்தாகவும் இருத்தல் கூடும். இவ்வேறுபாட்டின் காரணம் யாது, பழைய முறைகளில் அறிவியல் ஆராய்ச்சி உறுதி செய்தவை எவை, பக்குவத்தினாலும் நீங்காத கேடுகள் எவை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம். மூலிகைகளைப் பற்றி மக்களுக்கு எடுத்துக் கூறும் பொறுப்புடைய களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இவ்வறிவு இன்றியமையாதது.

1. ‘சூடு’ என்பதன் பொருள்

சீனரின் மிகப் பழைய மருந்து நூலாகிய ‘ஷென்நோங் பென் ட்சாவ் ஜிங்’ ஏறத்தாழ கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. அது 365 மருந்துப் பொருள்களை மேல், இடை, கீழ் என மூன்று தரங்களாக வகுத்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தண்மை, குளிர்ச்சி, வெதுவெதுப்பு, சூடு ஆகிய நான்கு இயல்புகளுள் ஒன்று உண்டு என்பது அம்மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கை. இங்குச் சூடு என்பது வெப்பமானியால் அளக்கத்தக்க ஒன்றன்று. கைகால் சில்லிட்டு, முகம் வெளுத்து, வெந்நீரையே விரும்பும் நோயாளிக்கு எப்பொருள் இதம் தருகிறதோ அது சூடுடையது என வகுக்கப்பட்டது. அதாவது, மருந்தின் இயல்பு நோயாளியின் உடலில் அது காட்டும் விளைவைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது.

உடலின் உட்பகுதியிலுள்ள குளிரை நீக்குவன என்று அம்மருத்துவ நூல்கள் ஒரு தனி வகுப்பை அமைத்துள்ளன. சுக்கு, சீனப் பட்டை, கிராம்பு, சித்தரத்தை, மிளகு, பெருஞ்சீரகம், ‘ஃபூட்ஸு’ எனப்படும் கிழங்கு ஆகியவை அதில் அடங்கும். இப்பட்டியலில் பல நம் அஞ்சறைப் பெட்டியில் உள்ளவையே. மிளகுக்குச் சீனர் இட்ட பெயர் ‘ஹு ஜியாவ்’ என்பதாகும். ‘ஹு’ என்ற சொல் மேற்கிலிருந்து வந்த அயலாரைச் சுட்டுவது. மிளகு தம் நாட்டுப் பொருளன்று, வாணிபத்தின் வழியே வந்தது என்பதை அப்பெயரே காட்டி நிற்கிறது.

சுக்கும் மிளகும் உண்டால் உடலில் சூடு பரவுவதுபோல் தோன்றுவதன் காரணம் இன்று ஓரளவு விளங்கியுள்ளது. உண்மையான வெப்பத்தை உணர்வதற்கென நரம்பு முனைகளில் ஒரு புரதம் உண்டு. மிளகாயின் காரப்பொருளைக் கொண்டு டேவிட் ஜூலியஸ் என்பாரின் குழுவினர் 1997ஆம் ஆண்டில் இப்புரதத்தை அடையாளம் கண்டனர்; இத்துறை ஆராய்ச்சிக்காக அவர் 2021ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இஞ்சியிலும் மிளகிலும் உள்ள காரப்பொருள்களும் அதே புரதத்தைத் தூண்டுகின்றன. ஆகவே ‘சூடு’ என்ற பழஞ்சொல் வெறுங்கற்பனை அன்று. எனினும், சூட்டுணர்ச்சி உண்டாகிறது என்பது வேறு, நோய் தீர்கிறது என்பது வேறு. பின்னையது ஒவ்வொரு மருந்துக்கும் தனியே சோதித்து நிறுவப்பட வேண்டியதாகும்.

2. பக்குவ முறைகள்

மூலிகையைப் பக்குவம் செய்யும் கலையைச் சீனர் ‘பாவோ ஜி’ என்பர். இதற்கெனத் தனியே எழுந்த முதல் நூல் கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதும், லெய் ஷியாவ் என்பவர் அதனை இயற்றினார் என்பதும் மரபு. பக்குவ முறைகள் பொதுவாக மூன்று வகைப்படும்.

(அ) நீரால் செய்வன: கழுவுதல், ஊறவைத்தல், நீரை மாற்றி மாற்றிக் கசப்பையும் நச்சையும் போக்குதல்.

(ஆ) நெருப்பால் செய்வன: வறுத்தல், சூடான மணலில் இட்டுப் பொரித்தல், கருக்குதல்.

(இ) நீரும் நெருப்பும் சேர்ந்து செய்வன: ஆவியில் வேகவைத்தல், கொதிக்கவைத்தல்.

இவற்றுடன் துணைப்பொருள்களும் சேர்க்கப்படும். தேன், காடி, உப்புநீர், அரிசி மது, இஞ்சிச் சாறு ஆகியவை முக்கியமானவை. எடுத்துக்காட்டாக, அதிமதுரத்தைத் தேனில் புரட்டி வறுத்தால், அதன் வெதுவெதுப்பும் உடலைத் தேற்றும் குணமும் மிகும் என்று சீன நூல்கள் கூறும்.

இஞ்சியை எடுத்துக்கொண்டால் இம்முறையின் நுட்பம் நன்கு விளங்கும். பச்சை இஞ்சி வியர்வையை உண்டாக்கவும் குமட்டலை அடக்கவும் தரப்படும். உலர்த்திய சுக்கு வயிற்றின் குளிரை நீக்கத் தரப்படும். சுக்கைச் சூடான மணலில் இட்டு, அது உப்பி மேற்புறம் பழுப்பு நிறமாகும் வரை வறுத்தெடுப்பது மூன்றாவது வகை; இது இரத்தப் போக்கை நிறுத்தும் மருந்துகளில் சேர்க்கப்படும். சீன மருந்துக் கடையில் இம்மூன்றும் தனித்தனிப் பெயருடன் தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைத் தருவது பிழையாகக் கருதப்படும். இரசாயன ஆராய்ச்சி இவ்வேறுபாட்டுக்கு ஆதாரம் காட்டுகிறது. பச்சை இஞ்சியின் முதன்மையான காரப்பொருள் ஜிஞ்சரால் என்பது. உலரும்பொழுதும் சூடேறும்பொழுதும் அதன் மூலக்கூறிலிருந்து நீர் பிரிந்து, ஷோகால் என்னும் வேறு பொருள் உண்டாகிறது. இது ஜிஞ்சராலைவிடக் காரம் மிகுந்தது. ஆகவே சுக்கு என்பது நீர் வற்றிய இஞ்சி மட்டுமன்று. இரசாயன அமைப்பில் ஓரளவு வேறுபட்ட பொருளே ஆகும்.

3. ஃபூட்ஸு: நஞ்சிலிருந்து மருந்து

குளிர் நீக்கும் மூலிகைகளுள் மிக வலிமையுடையதும், மிகுந்த அபாயமுடையதும் ஃபூட்ஸு ஆகும். இது வச்சநாபியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கிழங்கு. ஊதா நிறமும் முக்காடு போன்ற வடிவமும் கொண்ட பூக்களை உடையது. சிச்சுவான் மாகாணத்திலுள்ள ஜியாங்யோ வட்டாரம் இதன் சாகுபடிக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. தாய்க்கிழங்கினின்று பக்கவாட்டில் கிளைக்கும் சேய்க்கிழங்குகளே ஃபூட்ஸு எனப்படும். தாய்க்கிழங்குக்கு வேறு பெயரும் வேறு பயனும் உண்டு. ஜூன் மாத இறுதிக்கும் ஆகஸ்டு மாதத் தொடக்கத்துக்கும் இடையில் கிழங்கு அகழப்படுகிறது.

அகழ்ந்த கிழங்கை அப்படியே விற்பதில்லை. உப்பளங்களில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் அதனைப் பல நாட்கள் ஊறவைக்கின்றனர். பின்னர், நடுப்பகுதி வரை வேகும்படி கொதிக்கவைத்து, வில்லைகளாக அரிந்து, மீண்டும் தண்ணீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து உலர்த்துகின்றனர். தோலுடன் செய்வது கருநிற வில்லை. தோலை நீக்கிச் செய்வது வெண்ணிற வில்லை. பக்குவம் முடிந்ததா என்பதை அறிய, பழங்காலத்தோர் சிறு துணுக்கை நாவில் வைத்து மரமரப்பு எவ்வளவு என்று பார்த்தனர். இச்சோதனையை எவரும் செய்து பார்த்தல் கூடாது. இன்று ஆய்வுக்கூடங்களில் கருவிகளைக் கொண்டு நச்சுப்பொருளின் அளவு கணக்கிடப்படுகிறது. அதற்குச் சீன அரசின் மருந்து நியமநூல் உச்சவரம்பு விதித்துள்ளது.

இக்கிழங்கின் நச்சுப்பொருள்களுள் முதன்மையானது அகோனிட்டின் என்னும் அல்கலாய்டு. சுமார் 2 மில்லிகிராம் அளவே வளர்ந்த மனிதரைக் கொல்லப் போதுமானது. நரம்புகளிலும் இதயத் தசையிலும் சோடியம் அயனிகள் புகும் வழிகள் உண்டு. அவை உரிய காலத்தில் திறந்து மூட வேண்டும். அகோனிட்டின் அவற்றை மூடவிடாமல் செய்கிறது. இதனால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுகிறது.

அகோனிட்டின் மூலக்கூறில் இரண்டு எஸ்டர் இணைப்புகள் உள்ளன. கொதிநீரில் நெடுநேரம் இருக்கும்பொழுது நீர் மூலக்கூறு அவ்விணைப்புகளைப் பிளக்கிறது. முதலில் அசெட்டிக் அமிலம் பிரிந்து பென்சாயில்அகோனின் உண்டாகிறது. இதன் நச்சு அகோனிட்டினுடையதைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. பின்னர் பென்சாயிக் அமிலமும் பிரிந்து அகோனின் உண்டாகிறது. இது அதனினும் நச்சுக் குறைந்தது. பள்ளியில் நாம் கற்பிக்கும் நீராற்பகுப்பு என்னும் மாற்றமே இது. எஸ்டர் என்ற சொல்லையே அறியாத காலத்தில், ஊறவைத்தும் அவித்தும் பார்த்த அனுபவத்தினாலேயே அம்மக்கள் இவ்வழியைக் கண்டறிந்தனர்.

4. கஷாயம் இறக்கும் முறை

பக்குவம் செய்த மூலிகையையும் அடுப்பில் முறையாகக் காய்ச்ச வேண்டும். மண் அல்லது பீங்கான் பாத்திரமே ஏற்றது. இரும்பும் செம்பும் மூலிகைச் சத்துடன் சேர்ந்து மாற்றமடையுமாதலின் விலக்கப்படும். மூலிகைகளைச் சுமார் அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பெருந்தீயில் கொதிக்கவிட்டு, பின்னர் சிறுதீயில் 20 முதல் 30 நிமிடம் வரை காய்ச்சுவது பொது விதி. ஒருமுறை இறுத்தபின் மீண்டும் நீர் விட்டுக் காய்ச்சி, இரண்டையும் கலந்து பிரித்து அருந்துவர்.

இப்பொது விதிக்கு விலக்குகள் உண்டு. ஃபூட்ஸுவை மற்றவற்றுக்கு முன்பாக இட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் தனியே கொதிக்கவைத்த பிறகே ஏனையவற்றைச் சேர்க்க வேண்டும். மணமுள்ள பொருள்களைக் கடைசி ஐந்து நிமிடத்தில் இட்டு மூடி வைக்க வேண்டும். ஏனெனில் அவற்றின் எண்ணெய் ஆவியுடன் வெளியேறிவிடும். நுண்ணிய விதைகளைத் துணியில் முடிந்து இட வேண்டும். ஆகவே முன், பின் என்ற வரிசை வெறுஞ்சடங்கன்று. ஒரு பொருளுக்கு வெப்பம் நெடுநேரம் வேண்டும்; மற்றொரு பொருளுக்கு அதே வெப்பம் கேடாகும்.

கி.பி. 200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்னும் மருத்துவர், குளிரால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் செய்தார். கைகால் சில்லிட்டு நாடி ஒடுங்கிய நிலைக்கு அதில் அவர் வகுத்த கஷாயத்தில் மூன்றே சரக்குகள்: ஃபூட்ஸு, சுக்கு, வறுத்த அதிமதுரம். 3 ஷெங் அளவு நீர் 1 ஷெங் 2 ஹெ அளவாகச் சுண்டும் வரை காய்ச்சி, இரு வேளையாகப் பிரித்து அருந்துமாறு அவர் விதித்தார். 10 ஹெ கொண்டது 1 ஷெங். ஆகவே ஐந்தில் இரண்டு பங்காகச் சுண்ட வேண்டும் என்பது கணக்கு. கடிகாரம் இல்லாத காலத்தில் பாத்திரத்தின் நீர்மட்டமே காலத்தை அளந்தது. நம் நாட்டு வைத்தியர்கள் எட்டொன்றாகவும் நாலொன்றாகவும் குடிநீரைக் குறுக்கச் சொல்வதும் இதே நோக்கமுடையது. நோயாளியின் வீட்டார் அவசரப்பட்டுச் சீக்கிரம் இறக்கிவிட்டால், மருத்துவர் எண்ணிய மருந்து கிடைப்பதில்லை.

5. பிழை நேரும் இடங்கள்

ஹாங்காங் மருத்துவமனைகளில் 1980களின் இறுதியிலிருந்து இக்கிழங்கினத்தால் நஞ்சுண்டோர் பலரைப் பற்றிய விவரங்கள் வெளியாகியுள்ளன. விதித்த அளவுக்கு மேல் சேர்த்தல், பக்குவம் குறைந்த சரக்கு, போதிய நேரம் காய்ச்சாமை ஆகியவை முக்கியக் காரணங்கள். இவற்றோடு மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மது. வச்சநாபி இனக் கிழங்கை மதுவில் ஊறவைத்து அருந்துவதால் சீனாவில் மரணங்கள் நேர்ந்துள்ளன. மது அல்கலாய்டைக் கரைத்து எடுக்கும். ஆனால் வெப்பமின்மையால் எஸ்டர் இணைப்பு பிளவுபடுவதில்லை. வெளிப்பூச்சுக்கென வைத்ததைக் குடித்து மாண்டவர்களும் உண்டு.

இரண்டாவது, இடத்தின் உயரம். மலைமேல் காற்றழுத்தம் குறைவதால் நீர் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 பாகை. 3,000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 90 பாகை மட்டுமே. வெப்பம் குறையும்பொழுது நீராற்பகுப்பும் மெதுவாகவே நடைபெறும். சமவெளிக்கு எழுதிய நேரக்கணக்கு மலைநாட்டுக்குப் போதாது.

6. பக்குவத்தால் நீங்காத நஞ்சு

பக்குவம் எல்லா நஞ்சையும் முறித்துவிடும் என்று எண்ணுதல் பெரும் பிழை. குளிர் நீக்கும் மற்றொரு சீன மூலிகை ‘ஷி ஷின்’ என்பது. இச்செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ளது. இவ்வமிலம் சிறுநீரகத்தை அழிப்பதுடன் புற்றுநோயையும் உண்டாக்கும். சாதாரணமாகக் காய்ச்சுவதால் இது நீங்குவதில்லை. இதன் விளைவு உடனே தெரியாமல், மாதங்களோ ஆண்டுகளோ கழித்தே வெளிப்படும். ஆதலால் பழங்கால அனுபவத்தால் இதனைக் கண்டுபிடிக்க இயலவில்லை. நாக்கு மரத்துப்போவதை எவரும் அன்றே அறிவர். சிறுநீரகம் சிதைவதை யார் அறிவார்? பெல்ஜியம் நாட்டில் 1990களின் தொடக்கத்தில், உடல் மெலிவதற்கென்று தரப்பட்ட மாத்திரைகளில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒப்புமையுடைய வேறொரு மூலிகை கலந்துவிட்டது. அதிலிருந்த இவ்வமிலத்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் சிறுநீரக நோய்க்கு ஆளாயினர். ஷி ஷின் செடியின் இலைப்பகுதியில் இவ்வமிலம் மிகுதி எனத் தெரிந்தமையால், 2005ஆம் ஆண்டின் சீன மருந்து நியமநூல் முழுச் செடியை விலக்கி வேர்ப்பகுதியை மட்டும் அனுமதித்தது.

நம் நாட்டின் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் இவ்வமிலமுடைய குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் களப்பணியாளர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

வெப்பமே கேடாவதும் உண்டு. மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ‘சிங்ஹாவ்’ குளிர்ச்சியுடைய மூலிகை. முறைக் காய்ச்சலுக்கு அதனை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றை அருந்துமாறு 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதினார், காய்ச்சச் சொல்லவில்லை. டூ யூயூ என்னும் விஞ்ஞானி இக்குறிப்பை ஆழ்ந்து எண்ணி, 1971ஆம் ஆண்டில் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்து வெற்றி கண்டார். மலேரியாவை வெல்லும் ஆர்ட்டிமிசினின் இவ்விதம் கிடைத்தது. அவர் 2015ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். பழநூலில் உள்ள செய்முறைக் குறிப்பு மதிக்கத்தக்கது. ஆனால் பரிசோதனையின் வழியாகவே அது மருந்தாயிற்று.

7. நடைமுறைக் குறிப்புகள்

இமயமலையில் விளையும் வச்சநாபியை ஆயுர்வேத மருத்துவர்கள் பசுவின் சிறுநீரிலோ பாலிலோ இட்டுச் சுத்தி செய்து பயன்படுத்துகின்றனர். மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் விதிகளின் ஈ(1) அட்டவணையில் அது நச்சுப் பொருளாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அத்தகைய பொருள் அடங்கிய உள்மருந்தின் மேலட்டையில், மருத்துவ மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருத்தல் வேண்டும். தமிழில் செங்காந்தளுக்கும் நாபிக்கொடி என்ற பெயர் வழங்குவதால் குழப்பம் நேரலாம். செங்காந்தள் கிழங்கிலுள்ள கால்ச்சிசின் என்ற நஞ்சு கொதிக்கவைப்பதால் முறியாது.

எந்த மூலிகையைப் பற்றிக் கேட்கப்பட்டாலும், களப்பணியாளர் கீழ்க்காணும் ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டும்:

(1) செடி எது? ஊர்ப்பெயர் போதாது, தாவரவியற் பெயர் வேண்டும்.
(2) எந்த உறுப்பு? வேரா, இலையா, விதையா?
(3) என்ன பக்குவம் செய்யப்பட்டது?
(4) எவ்வளவு, எத்தனை நேரம் காய்ச்சப்பட்டது?
(5) யார் தந்தார்? நோயாளி வேறு மருந்து உண்கிறாரா?

வச்சநாபி நஞ்சின் அறிகுறிகள் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தோன்றும். உதடு, நாக்கு, விரல் நுனிகள் மரத்துப்போதல், குமட்டல், தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு ஆகியவை அவை. இதற்கெனத் தனி முறிமருந்து இல்லை. வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாது, வாந்தியெடுக்கவும் செய்யாது, இதய மின்வரைவு வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். எஞ்சிய சரக்கையும் கஷாயத்தையும் உடன் அனுப்பினால் மருத்துவருக்கு உதவியாகும்.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க எளிய சோதனைகள் இரண்டு. ஒன்று: பச்சை இஞ்சியையும் சுக்கையும் சம எடையாக எடுத்து, சம அளவு வெந்நீரில் தனித்தனியே ஊறவைத்து, மணத்தையும் காரத்தையும் ஒப்பிடச் செய்தல். பச்சை இஞ்சியின் எடையில் பெரும்பகுதி நீரே என்பதையும் மாணவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று: பட்டைத் துண்டுகளை ஒரு பாத்திரத்தில் மூடியும், மற்றொன்றில் மூடாமலும் அரை மணி நேரம் காய்ச்சி, ஆறியபின் இரு நீரின் மணத்தையும் ஒப்பிடச் செய்தல். நச்சு மூலிகைகளை வகுப்பறைக்குக் கொண்டு வருதல் ஆகாது.

பயிற்சி வினாக்கள்

1. இஞ்சியும் சுக்கும் ஒரே மருந்தாகக் கருதப்படாமைக்கு இரசாயனக் காரணம் யாது?
2. ஃபூட்ஸுவை முதலிலும் மணமுள்ள பொருள்களைக் கடைசியிலும் இடுவது ஏன்?
3. கொதிநீரில் முறியும் நஞ்சு ஒன்றையும் முறியாத நஞ்சு ஒன்றையும் கூறுக. அனுபவத்தால் முன்னதை அறிய முடிந்து பின்னதை அறிய முடியாமற் போனது ஏன்?
4. சமவெளியில் ஒரு மணி நேரம் காய்ச்ச வேண்டிய கஷாயத்தை மலையூரில் காய்ச்சும்போது கவனிக்க வேண்டியது யாது?